கிளீனர் பக்கம்

கண்ணாடிக்காரர் அந்தச் சின்ன பிக்கப் வண்டியை உண்மையாக நேசிக்கத் தொடங்கியது அதைக் கைகழுவிய பிறகுதான். கையில் இருந்த காலத்தில் அதைத் திட்டாத நாள் குறைவு. கைவிட்டுப் போன பிறகு அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத நாள் குறைவு. மனிதர்கள் விஷயத்திலும் அவர் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால், வீட்டில் யாரும் இதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது, குளியலறைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டுவது, கடைகளின் முகப்புக்குக் கண்ணாடி நிறுத்துவது, இவைதான் தொழில். அவருடைய கடை ஒரு நீளமான அறை. நடுவில் பழைய கம்பளம் விரித்த மேசை, ஓரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய சிறு கிண்ணம், அதில் தலைகுப்புற நிற்கும் கட்டர். கோடு ஒன்று இழுப்பார், கம்பளத்துக்கு அடியில் ஒரு குச்சியைச் செருகுவார், இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்துவார். கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். சொன்ன நேரத்தில் வேலைக்குப் போவது மட்டும் அவரால் முடியாது. "நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்று அவர் சொன்னால், அது ஒரு நல்லெண்ணத்தின் வெளிப்பாடு, அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி விஷயத்தில் பொய் சொல்லமாட்டார். உள்ளே ஊசிமுனைக் குமிழி இருந்தாலும் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் விற்பார். நாளைப் பற்றி அவர் சொல்வதை ஒருவரும் நம்பாத அதே தெருவில், கண்ணாடியைப் பற்றி அவர் சொல்வதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

சின்ன பிக்கப்பை அவர் வாங்கியது கடை சூடுபிடித்த காலத்தில். முன்னால் மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரும் ஒரே இருக்கை, பின்னால் ஒரு கட்டில் அளவுக்குத் தட்டு. கண்ணாடியைப் படுக்கப் போட்டால் உடையும், நிற்க வைத்தால் நிற்கும். ஆகவே தட்டின் ஒரு ஓரத்தில் சாய்வாக மரச் சட்டம் அடித்து, அதில் கண்ணாடிகளை நிறுத்திக் கயிறு கட்டிக் கொண்டுபோவார். சட்டம் இருந்தது கிளீனர் பக்கம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை இருக்கும் பக்கத்தை வண்டிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கிளீனரே இல்லாத வண்டியிலும். தெரு ஓரமாக நிறுத்தி இறக்க அதுதான் வசதி. வருஷக்கணக்காக ஒரே பக்கம் பாரம் ஏறியதில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் மேல் பாரம் தாங்கும் வில்பட்டை தளர்ந்து, வண்டி காலியாக நிற்கும்போதும், பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்பவர் மாதிரி கிளீனர் பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

பிறகு ஒரு நாள் கம்பெனி அந்தச் சின்ன வண்டியைத் தயாரிப்பதை நிறுத்தியது. இனி எல்லாம் பெரிய வண்டிதான் என்று ஊரே பேசியது. ஊர் பேசியதைக் கண்ணாடிக்காரர் தன்னைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டார். பெரிய வண்டி ஒன்று வாசலுக்கு வந்தது. சின்னது மச்சினனுக்குப் போனது.

மச்சினன் என்பது மனைவியின் தம்பி. கல்லு வேலை, சமையலறை மேடைக்குப் பலகைக்கல் அறுத்துப் பதிப்பவர். அதனால் வீட்டில் அவர் பெயரே 'கல்லு'. கண்ணாடியும் கல்லும் ஒரே குடும்பத்தில் இருந்தும் இத்தனை காலம் ஒன்றும் உடையாததற்குக் காரணம் நடுவில் நின்ற அக்காதான் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். அப்போதுதான் தனியாகத் தொழில் தொடங்கியிருந்த மச்சினன், கேட்ட விலையைக் கொடுத்தே வண்டியை வாங்கிக்கொண்டார். ஆனால் சாவியைக் கொடுத்த அன்றைக்கு, கூடம் நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, கண்ணாடிக்காரருக்கு ஒரு வள்ளலின் முகம் வந்துவிட்டது.

"எனக்கு இனிமே இந்தத் தகர டப்பா எதுக்கு மாப்ள? உன் லெவலுக்கு இது போதும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்தார். சாவியைக் கையில் வாங்கி, சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரிய வண்டி எல்லா விதத்திலும் பெரியது என்பதுதான் அதன் குறை. கண்ணாடிக்காரருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சந்துகளில் இருந்தார்கள். வண்டியை முனையில் நிறுத்திவிட்டு, ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவர் சந்துக்குள் நடப்பார். எதிரே வருபவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்த்துத் தலையைச் சரி செய்துகொள்வார்கள். "ஏன், வண்டி உள்ள வராதா?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். "வரும். திருப்பறதுதான் கஷ்டம்" என்பார். அது வராது. பின்பக்கமாக ஒருமுறை நுழைத்துப் பார்த்து, ஒரு வீட்டின் மழைநீர்க் குழாயோடு வெளியே வந்தவர் அவர்.

அந்த நாளிலிருந்து சின்ன வண்டியின் மேல் அவருக்கு ஏற்பட்டது ஒரு விதமான காதல். முகம் கொடுத்துப் பேச முடியாத காதல். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினன் சாப்பிட வருவார். வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் கண்ணாடிக்காரர் எழுந்து உள்ளே போய்விடுவார். அது கிளம்பிப் போகும்வரை வாசலுக்கு வரமாட்டார். கண்ணுக்கு ஆகாது, காதுக்கு மட்டும் வேண்டும். சாப்பிடும்போது மச்சினன் வண்டிக் கதைகளாகச் சொல்வார். கதவை ஒரு தடவை சாத்தினால் திறந்துகொள்ளும், இரண்டு தடவை சாத்த வேண்டும். ஹாரன், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால்தான் அடிக்கும். ஆகவே நேராகப் போகும்போது யாரையும் மிரட்ட முடியாது. மழை நாளில் ஸ்டார்ட் ஆக, சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு சின்ன வித்தை உண்டு. ஒருமுறை ஒரு மேட்டில் பலகைக்கல்லோடு நின்றுபோனபோது, இறங்கி நின்று அதனோடு பேசிக் கெஞ்சி ஏற்றியது. அக்கா வயிறு வலிக்கச் சிரிப்பாள். கண்ணாடிக்காரர் குனிந்து சாப்பிடுவார்; ஒரு வார்த்தையும் விடாமல் கேட்பார்.

மறுநாள் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு அந்தக் கதை போகும். முதலில் "என் மச்சினன் ஒரு வண்டி வெச்சிருக்கான்" என்று ஆரம்பித்தது. பிறகு "நம்ம வண்டி ஒண்ணு இருக்கு" என்று மாறியது. 'நம்ம' என்பது பல திருட்டுகளுக்குக் கதவு திறந்துவிடும் தாராளமான சொல். அதற்குப் பிறகு எப்போது என்று தெரியாமலே அது "என் வண்டி" ஆகிவிட்டது. மேட்டில் இறங்கி நின்று கெஞ்சியதும் அவரே ஆகிவிட்டார்.

இதற்கிடையில் சர்வீஸ் நிலையத்தில் பதிவாகியிருந்தது கண்ணாடிக்காரருடைய போன் எண். "உங்கள் வாகனத்தின் சர்வீஸ் நேரம் வந்துவிட்டது" என்று அவருக்குத்தான் தகவல் வரும். அவர் மச்சினனுக்குப் போன் போட்டு, "மாப்ள, கூப்பிட்டுட்டாங்க, கொண்டுபோய் விடு" என்பார். மச்சினன் அடுத்த நாளே கொண்டுபோய் விடுவார். எண்ணை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை. அல்லது ஒருவருக்குத் தோன்றவில்லை, இன்னொருவருக்கு மனசு வரவில்லை.

இப்படியிருக்க, நிறுத்திய வண்டியைக் கம்பெனி மறுபடியும் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது. பெரிய வண்டிகளை வாங்கி வாங்கி, சந்து முனையில் நிறுத்தி நிறுத்தி, ஊருக்கே புத்தி வந்திருந்தது. ஷோரூமில் விழா வைத்து, பழைய வண்டியை நீண்ட காலம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு அனுபவம் பேசச் சொல்லப் போகிறார்கள். தவறாமல் சர்வீஸுக்கு விட்டவர்கள் யார் யார் என்று பார்த்ததில் முதலில் அகப்பட்டது கண்ணாடிக்காரருடைய எண்.

போன் வந்தபோது அவர் கடையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பழைய வாடிக்கையாளர், மேட்டுக் கதையை இரண்டாவது தடவை கேட்டு ரசித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். போனில் ஒரு பெண் குரல், இத்தனை வருஷமாக இந்த வண்டியைக் கைவிடாமல் பார்த்துக்கொள்கிறீர்களே, இப்போதும் நீங்கள்தான் ஓட்டுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டது. 'இல்லம்மா, என் மச்சினன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாடிக்கையாளர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த 'ம்' வளர்ந்தது. விழாவுக்கு வண்டியும் வேண்டும், நாங்களே ஆள் அனுப்பி எடுத்துக் கழுவி முகப்பில் நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். அவர் மச்சினனுக்குப் போன் போட்டு, "சர்வீஸ் ஆளு வருவான் மாப்ள, சாவியைக் குடு. சும்மாவே கழுவித் தர்றாங்களாம்" என்றார். அது உண்மை. மனைவியிடம், "அந்தப் பழைய வண்டியைப் பத்திப் பேசறதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளை இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொன்னால் ஒரு பொய் உண்டாகும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

அவருக்குத் தெரியாதது, மனைவி அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பது. தன் தம்பி பாடுபட்டுக் காப்பாற்றிய வண்டியைப் பற்றித் தன் கணவர் மேடையில் பேசப் போகிறார் என்று அவள் புரிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்த ஒரு பெருந்தன்மைக்குத்தான். தம்பிக்குப் போன் செய்து, அவரிடம் சொல்லாமல் வந்து உட்காரலாம், ஆள் அசந்துபோகட்டும் என்று ஏற்பாடு செய்தாள்.

விழா நாளன்று கண்ணாடிக்காரரைக் கூட்டிப்போக ஷோரூமிலிருந்து கார் வந்தது. முகப்பு முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. உள்ளே நுழைகிறபோது பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சுத்தமான கண்ணாடி, கோணல் இல்லை, அலை இல்லை, குமிழி இல்லை. அதற்கு வெளியே, படிக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்த சின்ன வண்டி உள்பக்கம் முகம் காட்டி நின்றது. அவர் வழக்கம்போல அதைப் பார்க்காமல் உள்ளே போனார்.

நடுவில் துணி போர்த்தி நின்றது புதிய வண்டி. துணியை இழுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு உற்றுப் பார்த்தார்கள். பெயர் அதேதான், முகமும் அதே சாயல்தான். ஆனால் வெளியூரில் போய் நன்றாகச் சாப்பிட்டுத் திரும்பி வந்த பிள்ளை மாதிரி ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. கண்ணாடிக்காரர் போகிற போக்கில் முன்பக்கத்தை ஜாண் போட்டுப் பார்த்தார். சந்துக்குள் போகாது. அதே காரியத்தைத் தமக்குத் தாமே செய்துகொண்டிருந்த இன்னும் இரண்டு பழைய சொந்தக்காரர்களின் கண்கள் அவர் கண்ணைச் சந்தித்து விலகின. "அதே வண்டிதான் சார், கொஞ்சம் வசதியா" என்றார் மேலாளர்.

முதலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் பேசினார். அவர் வண்டியின் இருக்கை உடைந்து, ஒரு பெட்டி ஸ்பீக்கரையே முதுகுக்கு முட்டுக் கொடுத்து ஓட்டியதாகச் சொன்னார். அடுத்து தண்ணீர் கேன் போடும் அம்மாள். தடித்த குரல், வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேச்சு. இரண்டாவது கியர் எப்போதும் விழாது, முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவித்தான் பிழைப்பு நடந்தது, இந்தப் புது வண்டியில் இரண்டாவது கியர் விழுந்தால் தனக்குப் பயமாக இருக்கும் என்றார். இப்படி ஒவ்வொருவரும் வண்டியைப் புகழ்வதற்காக வந்து அதன் குறைகளை அடுக்கினார்கள். ஒழுங்காக ஓடும் வண்டியைப் பற்றி யாருக்கும் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

கடைசியாகக் கண்ணாடிக்காரர். பொருள் அவருக்கு அத்துப்படி. கடையில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தது. கதவு வந்தது, சிரித்தார்கள். ஹாரனும் மழை நாள் வித்தையும் வந்தன, இன்னும் சிரித்தார்கள். மேட்டில் இறங்கி நின்று கெஞ்சிய இடத்தில் தண்ணீர் கேன் அம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை கைக்குள் வந்த சுகத்தில் அவர் ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இத்தனை வருஷத்துல இந்த வண்டியை நான் இன்னொருத்தர் கையில குடுத்ததே இல்லைங்க."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு, பஸ் தாமதமாகி வேர்த்து விறுவிறுத்து, மனைவியும் மச்சினனும் உள்ளே வந்தார்கள்.

அவள் சிரித்த முகத்தோடு வந்தாள். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போக மறந்து அங்கேயே நின்றது. மச்சினன் காலியாக இருந்த கடைசி வரிசை நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கி நன்றாகத்தான் வேலை செய்தது. கேட்காமல் இருக்க வழியில்லை.

நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே கண்ணாடிக்காரர் பேசிக்கொண்டே போனார். இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அந்தக் கடைசி வரிசையில் நிற்பவருடையது. தன்னுடையதாக ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று மனம் துழாவியது. ஒன்று கிடைத்தது. தான் அடித்த சட்டம், தான் ஏற்றிய பாரம். "வண்டி கிளீனர் பக்கமாச் சாஞ்சே நிக்கும். இன்னைக்கும் அப்படித்தான். வேணும்னா பாருங்க, வெளியிலதானே நிக்குது" என்று கையை நீட்டினார்.

சபை முழுக்கத் திரும்பியது. வண்டி முகப்புக் கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் பளபளவென்று நின்றது. டிரைவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. லேசாக அல்ல, காதில் ரகசியம் சொல்லுகிற அளவுக்கு.

"டிரைவர் பக்கமால்ல சாஞ்சிருக்கு?" என்றார் தண்ணீர் கேன் அம்மாள்.

அந்த வண்டியை அவர் நேருக்கு நேர் பார்த்தது பல வருஷங்களுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மரச் சட்டம் இடம் மாறியிருந்தது. அவருடைய பேச்சு முழுவதிலும் அவருக்குச் சொந்தமான ஒரே அனுபவம் அந்தச் சாய்வு. பொய் என்று பிடிபட்டதும் அது ஒன்றுதான்.

நாக்கு தானாக வேலை செய்தது. "அது கண்ணாடி வழியாப் பார்க்கறதால அப்படித் தெரியுதுங்க. தடிமனான கண்ணாடியில பக்கம் மாறித் தெரியும்" என்றார்.

மேலாளர் சபையைப் பார்த்து, "சார் கண்ணாடித் தொழில்தான், அவருக்குத் தெரியாததா" என்றார். பலரும் தலையாட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரர், ஆமாம், தானும் எங்கோ கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். வண்டியைப் பற்றிச் சொன்ன பொய்யெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை; இந்தத் தலையாட்டல்கள்தான் ஒவ்வொன்றாக வந்து மேலே விழுந்தன. ஊசிமுனைக் குமிழியையும் விரலை வைத்துக் காட்டுகிற மனிதர் அவர். அது சுத்தமான கண்ணாடி. சற்றுமுன் அவரே தட்டிப் பார்த்தது.

தண்ணீர் கேன் அம்மாள் மட்டும் எழுந்துவிட்டார். "வெளிய போய்ப் பார்த்துட்டு வந்துடறேன், ரெண்டு அடிதானே" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"போக வேணாம்மா" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மச்சினன். "மாமா சொல்றது சரிதான். கிளீனர் பக்கம்தான் சாஞ்சிருந்துச்சு. பார்க்க நல்லா இல்லையேன்னு நான்தான் சட்டத்தைக் கழட்டி இந்தப் பக்கம் மாத்தி அடிச்சேன். கொஞ்ச நாள் இந்தப் பக்கம் கல்லை ஏத்தினா நிமிந்துரும்னு நெனச்சேன். நிமிந்துச்சு. நான்தான் நிறுத்தாம விட்டுட்டேன். அது மாமாவுக்குத் தெரியாது."

சபை வெடித்துச் சிரித்தது. விழாவில் அதுவரை யாருக்கும் கிடைக்காத சிரிப்பு. மேலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்டார்.

"நான் வண்டியோட டிரைவருங்க" என்றார் மச்சினன். இன்னொருத்தர் கையில் கொடுத்ததே இல்லாத வண்டிக்கு டிரைவர் எப்படி வந்தார் என்று அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி வரிசையில் அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். மேடையில் இருந்தவருக்கு அட்டையில் செய்த, துடுப்பு அளவுக்கு ஒரு பெரிய சாவியைக் கொடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவர் சிரித்தார். மறுத்திருந்தால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு வேண்டிய தைரியம் சிரிப்பதற்கு வேண்டியதைவிட அதிகம்.

கூட்டிவர அனுப்பிய காருக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடும் எண்ணம் இல்லை. ஆகவே மூன்று பேரும் சின்ன வண்டியில்தான் போக வேண்டும். மேலாளரும் மற்ற சொந்தக்காரர்களும் வழியனுப்ப வாசலில் வந்து நின்றார்கள். மச்சினன் நிஜச் சாவியை நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க மாமா. எல்லாரும் பார்க்கறாங்க."

அதில் குத்தல் இருந்திருந்தால் கண்ணாடிக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. அவர் ஏறி உட்கார்ந்தார். மனைவி நடுவில், மச்சினன் கிளீனர் பக்கம். கதவை ஒரு தடவை சாத்தினார், திறந்துகொண்டது. வாசலில் சிரித்தார்கள், இப்போதுதானே கேட்டார்கள். சாவியைத் திருப்பினார். கழுவிய ஈரத்தில், மழை நாள் மாதிரியே வண்டி ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார். வாசலில் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அவர் அழகாகச் சொன்ன அந்த வித்தை வாயில் இருந்தது, கையில் இல்லை. மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன கதையில் எந்தக் கை எதைப் பிடித்தது என்பது வரவில்லை. மூன்றாவது தடவை இருமல்கூட இல்லை. கையாட்டியவர்களின் கைகள் தளர்ந்தன.

மச்சினன் குரலைத் தாழ்த்தி, சோக்கை இழுத்துவிட்டு க்ளட்சைப் பாதி அழுத்தணும் என்று சொல்லத் தொடங்கினார். நடுவில் இருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"எறங்குங்க."

அவர் இறங்கினார். எல்லோரும் பார்த்திருக்க வண்டியின் முகத்தைச் சுற்றி நடந்து கிளீனர் பக்கம் வந்தார். மச்சினன் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து போக இடமில்லாமல் அவரும் இறங்கிச் சுற்றி வந்தார். முகப்பு விளக்குகளுக்கு எதிரே இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒதுங்கி, ஒருவழியாகக் கடந்தார்கள். மச்சினன் ஏறி உட்கார்ந்ததும் வண்டி சொன்னபடி கேட்டது.

தண்ணீர் கேன் அம்மாள் கிளீனர் பக்கத்து ஜன்னலருகே வந்தார். அந்த மாதிரி வண்டியோடு வாழ்ந்தவர், விளக்கம் தேவைப்படவில்லை. பின்தட்டில் கிடந்த அட்டைச் சாவியை ஒரு பார்வை, ஓட்டுகிறவரை ஒரு பார்வை, ஜன்னலோரம் இருந்தவரை ஒரு பார்வை. "நல்ல டிரைவர் கெடைச்சிருக்கான் உங்களுக்கு. விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் பக்கமாகச் சாய்ந்த வண்டி. ஒவ்வொரு குழியிலும் கிளீனர் பக்கத்து ஆள் வழுக்கிப் போய் நடுவில் இருப்பவர் மேல் விழுவார். விழும்போதெல்லாம் மனைவியின் முழங்கை அவரை இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியது.  கொஞ்ச தூரம் போனதும் மச்சினன், சாலையைப் பார்த்தபடி, "நல்லாப் பேசினீங்க மாமா. அந்த மேட்டுக் கதை நான் சொல்றதைவிட நீங்க சொன்னப்போ நல்லா இருந்துச்சு" என்றார்.

கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அன்னைக்கு நான் உன்கிட்ட தகர டப்பா, லெவலுன்னு ஏதோ சொல்லிட்டேன்ல மாப்ள."

"எப்போ? எனக்கு ஞாபகமே இல்லையே மாமா."

ஞாபகம் இல்லாதவர் கொஞ்சமாவது யோசித்துப் பார்ப்பார். மச்சினன் யோசிக்கவே இல்லை. பதில் பல வருஷமாகத் தயாராக இருந்தது மாதிரி வந்து விழுந்தது.

வீடு நெருங்கும்போது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை என்றதைப் பற்றி இல்லை. தம்பி தன்னை டிரைவர் என்று சொல்ல நேர்ந்ததைப் பற்றியும் இல்லை.

"தடிமனான கண்ணாடியில பக்கம் மாறித் தெரியுமாங்க?"

"தெரியாது" என்றார் கண்ணாடிக்காரர்.

அவ்வளவுதான். 

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிச் சத்தம் கேட்டால் அவர் வாசலுக்கு வருகிறார். கதவை மச்சினனுக்காக இரண்டு தடவை சாத்துகிறார். சர்வீஸ் நிலையத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளச் சொன்னார். "இருக்கட்டும் மாமா, நீங்க சொன்னாத்தான் எனக்கு ஞாபகம் வருது" என்று மச்சினன் மறுத்துவிட்டார். ஆகவே இன்றைக்கும் "உங்கள் வாகனம்" என்று அவருக்குத்தான் தகவல் வருகிறது. கடையில் மேட்டுக் கதை நின்றுபோனது. யாராவது கேட்டால், அது என் மச்சினன் சொல்லணும், அவன்தான் நல்லாச் சொல்வான் என்கிறார். அது உண்மையில்லை, மச்சினனே ஒத்துக்கொண்டபடி இவர்தான் நன்றாகச் சொல்வார். உண்மை பேசத் தொடங்கியபோதும் அதில் ஒரு சின்னப் பொய் வந்து ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நாள் கழித்து ஷோரூமிலிருந்து ஆள் வந்தது. விழாவில் பேசியவர்களின் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார்கள். சட்டமும் கண்ணாடியும் நம்ம ஆளிடமே கொடுக்கலாம் என்று மேலாளர் சொன்னாராம். கண்ணாடிக்காரர் மற்றவர்களுக்குப் போட்டுத் தருகிறேன், என் படம் மட்டும் வேண்டாம் என்றார். மேலாளரே போனில் வந்து, உங்கள் அடக்கம் எங்களுக்குத் தெரியும் சார் என்றார். விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தார். அடக்கம் அடக்கம் என்று அந்தப் பக்கம் விடவில்லை.

தண்ணீர் கேன் அம்மாளுக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் இருப்பதிலேயே தெளிவான கண்ணாடியை எடுத்து வெட்டினார். அட்டைச் சாவியை நெஞ்சோடு அணைத்துச் சிரிக்கும் தன் படத்துக்கு, குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற பனிக்கண்ணாடியைப் போட்டார். மூடுபனிக்குள் யாரோ ஒருவர் எதையோ பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. தானே கொண்டுபோய் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

மேலாளருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. புதுமையாக இருக்கிறது, மற்ற எல்லாப் படத்துக்கும் அதே மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். மாற்றிக் கொடுத்தார். இப்போது அந்தச் சுவரில் ஒருவர் முகமும் தெரிவதில்லை. யார் என்று அறிய வேண்டுமானால் சட்டத்துக்குக் கீழே ஒட்டிய அட்டையைத்தான் படிக்க வேண்டும். அவர் படத்துக்குக் கீழே உள்ளதை, முகப்புக் கண்ணாடிக்கு வெளியே தெருவில் நின்றபடியே படிக்கலாம்; அவ்வளவு பெரிய எழுத்து, அவ்வளவு சுத்தமான கண்ணாடி. 'வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்காதவர்' என்று இருக்கிறது.